லால்பாக்கின் முத்தவல்லிகள் யார்?

நிழலும் பூவும் உலாவும் பாதையும் எந்தப் பூங்காவிலும் உண்டு. தாவரவியல் பூங்காவில் அவற்றோடு ஒரு கணக்கும் உண்டு. ஒவ்வொரு மரமும் எந்த நாட்டிலிருந்து வந்தது, எந்த ஆண்டில் நடப்பட்டது, அறிவுலகம் அதனை எப்பெயரால் அழைக்கிறது என்பன அங்கே ஏட்டில் இருக்கும். மரத்தின் காலடியில் பலகையாகவும் நிற்கும். அந்தக் கணக்கு தொலைந்துவிட்டால் எஞ்சுவது அழகிய தோப்பு மட்டுமே. ஆதலால் இத்தகைய பூங்காவைப் பேணுவதற்கு நீரும் எருவும் வேலியும் போதா. தலைமுறை தலைமுறையாகக் கணக்கைக் கைமாற்றிக் கொடுக்கும் மனிதர்கள் வேண்டும். அம்மனிதர்கள் யார் என்பதே நாம் இங்கு ஆராயப் புகுந்த பொருள். அரசரா, அரசாங்கமா, சந்தா செலுத்தும் உறுப்பினரா, ஊதியம் பெறாது உழைக்கும் தொண்டரா? இவ்வினாவுக்கு விடை தேடுவோர்க்குப் பெங்களூர் லால்பாக்கைவிடப் பொருத்தமான இடம் தென்னிந்தியாவில் இல்லையென்றே சொல்லலாம். இந்த நால்வர் கையும் பட்ட தோட்டம் அது.

பெயரிலிருந்து தொடங்குவோம். 'பாக்' என்பது தோட்டத்தைக் குறிக்கும் பாரசீகச் சொல். 'லால்' என்பதற்குச் சிவப்பு என்று பலரும் பொருள் கொள்வர். மாணிக்கக் கல்லையும் அச்சொல் குறிக்கும். அரபியர் அதனைத் தம் நாவுக்கேற்ப 'லஅல்' என்று ஆக்கிக்கொண்டனர். அருமை மகனை 'லால்' என்று அழைக்கும் வழக்கும் உருதுவில் உண்டு. மூன்று பொருளில் எதனைக் கொண்டாலும் பெயர் இடத்துக்கு ஒத்தே வருகிறது. ஆனால் மைசூர் அரசில் இப்பெயர் தாங்கிய தோட்டம் ஒன்றன்று, இரண்டு. ஸ்ரீரங்கப்பட்டணத் தீவின் கிழக்குக் கோடியில், ஹைதர் அலீயின் அடக்கத்தலமாகிய கும்பஸ் அமைந்த தோட்டமும் லால்பாக் என்றே வழங்கப்பெற்றது. இவ்விரண்டின் கதையும் எவ்வாறு பிரிந்தது என்பதைப் பின்னர்க் காண்போம்.

பெங்களூர்த் தோட்டத்தை ஹைதர் அலீ 1760 ஆம் ஆண்டில் அமைக்கத் தொடங்கினார். அப்போது அதன் பரப்பு ஏறத்தாழ நாற்பது ஏக்கர். முகலாயர் முறையில் சீராவில் விளங்கிய தோட்டமே அவருக்கு முன்மாதிரியாக இருந்தது என்பர். தில்லி, லாகூர், முல்தான், ஆர்க்காடு ஆகிய இடங்களிலிருந்து செடிகள் தருவிக்கப்பட்டன. திப்பு சுல்தான் தந்தையின் பணியைத் தொடர்ந்ததோடு, கடல் கடந்தும் கையை நீட்டினார். 1788 ஆம் ஆண்டில் பிரான்ஸ் மன்னர் பதினாறாம் லூயியின் அவைக்குச் சென்ற அவருடைய தூதுக்குழு, படையுதவியோடு கைவினைஞர்களையும் விதைகளையும் செடிகளையும் கேட்டது. போர் மேகம் சூழ்ந்திருந்த காலத்தில் பூச்செடிக்கும் பழமரத்துக்கும் தூது விட்ட அரசர் அவர். அவரைப் பற்றி எழுதுவோர் வாளையே பேசி இதனை விட்டுவிடுவது நமக்கு எப்போதும் வியப்பாகவே இருக்கிறது.

திப்பு ஷஹீதான மறு ஆண்டில், அதாவது 1800 இல், கம்பெனி அரசின் ஆணைப்படி மைசூர்ப் பகுதியைச் சுற்றிப் பார்த்த பிரான்சிஸ் புக்கானன் இத்தோட்டங்களை விவரித்துள்ளார். சதுரச் சதுரமான பாத்திகள். அவற்றைப் பிரிக்கும் நடைபாதைகள். பாதையோரம் ஸைப்ரஸ் மரங்கள். ஒரு பாத்தி முழுவதும் ரோஜா, மற்றொரு பாத்தி முழுவதும் மாதுளை என்றவாறு, இனத்துக்கு ஒரு பாத்தி என்பது முஸ்லிம்களின் தோட்ட முறை என அவர் குறித்துக்கொள்கிறார். இக்குறிப்பு நமக்கு மிகவும் வேண்டியது. ஏனெனில் இனம் இனமாகப் பிரித்து நடுவது தாவரவியற் பூங்காவின் முதற்படி. பார்வையின்பத்துக்காக மட்டும் நட்டவர்கள் எல்லாவற்றையும் கலந்தே நட்டிருப்பர்.

இனி இரண்டு லால்பாக்குகளின் விதியைப் பார்ப்போம். 1792 இல் கார்ன்வாலிஸின் படை ஸ்ரீரங்கப்பட்டணத்தை முற்றுகையிட்டபோது, தீவிலிருந்த லால்பாக் படைமுகாமாயிற்று. அரண் அமைப்பதற்குக் கட்டைகளும் கழிகளும் தேவைப்பட்டன. ஸைப்ரஸ் மரங்கள் அதற்காக வெட்டி வீழ்த்தப்பட்டன. பல்லாண்டுகள் பேணப்பட்ட தோட்டம் சில நாட்களில் விறகாயிற்று. பெங்களூர் லால்பாக் தப்பிப் பிழைத்தது.

அரசரை மட்டும் நம்பி நின்ற தோட்டங்களுக்கு இது புதிதன்று. அந்தலூஸின் தோலேதோ நகரில் மன்னர் மஃமூனுக்காக இப்னு வாஃபித், இப்னு பஸ்ஸால் போன்ற பேரறிஞர்கள் தோட்டம் வளர்த்தனர். வேளாண் நூலாசிரியராகவும் புகழ்பெற்ற இப்னு பஸ்ஸால், 1085 இல் தோலேதோ காஸ்தீலியர் கைக்குச் சென்ற சூழலில் இஷ்பீலியாவுக்குப் பெயர்ந்து, அங்கு அல்முஃதமிதுக்காக வேறொரு தோட்டத்தைத் தொடங்க வேண்டியதாயிற்று. அரசு பெயர்ந்தால் அறிஞர் பெயர்வார். மரங்களால் பெயர முடியாது.

1799 க்குப் பின்னர் லால்பாக்குக்கு நிலையான உரியவர் இல்லை. கில்பர்ட் வா என்ற இராணுவ அதிகாரி சில காலம் தம் பொறுப்பில் வைத்திருந்து, 1819 இல் கம்பெனி அரசுக்கே கொடுத்துவிட்டார். கல்கத்தாத் தாவரவியல் பூங்காவின் தலைவராயிருந்த வாலிக்கின் மேற்பார்வையில் 1831 வரை அது இருந்தது. ஆயிரம் மைலுக்கு அப்பாலிருந்து மேற்பார்வை நடந்தால் தோட்டம் எந்நிலையில் இருக்கும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை. பிறகு மைசூர் ஆணையரின் ஆட்சியில் வந்தது. இந்த இடைக்காலத்தைப் பற்றிச் சொல்லத்தக்கது இவ்வளவே.

இவ்வேளையில்தான் உறுப்பினர் சங்கம் என்ற புது ஏற்பாடு இந்தியாவில் பரவிக்கொண்டிருந்தது. வேளாண்மை, தோட்டக்கலைச் சங்கத்தை 1820 இல் கல்கத்தாவில் வில்லியம் கேரி தோற்றுவித்தார். சமயப் பரப்புநர் என்ற அளவிலேயே நம்மவர் அவரை அறிவர். அவர் தேர்ந்த தாவரவியலாளரும் ஆவார். ஐரோப்பியரோடு இந்தியரும் உறுப்பினராக வேண்டும் என்று தொடக்கத்திலேயே அவர் விரும்பி அழைத்தது குறிப்பிடத்தக்கது. ராதாகாந்த தேவ் போன்ற வங்கப் பெருமக்கள் அதில் சேர்ந்து உழைத்தனர். 1835 இல் சென்னையில் இவ்வாறே ஒரு சங்கம் அமைந்தது. தென்னிந்தியத் தாவரங்களை ஓவியங்களோடு பதிப்பித்த இராபர்ட் வைட் அதன் செயலாளர்களுள் ஒருவர். மறு ஆண்டே, 1836 இல், பெங்களூரிலும் ஒரு சங்கம் தோன்றியது. வில்லியம் மன்ரோ என்ற இளம் இராணுவ அதிகாரி அதற்கு உயிர்நாடி. ஆணையர் மார்க் கப்பன் லால்பாக்கை அச்சங்கத்தின் பொறுப்பில் விட்டார்.

இச்சங்கங்கள் நடந்த முறை எளியது. உறுப்பினர் சந்தா செலுத்துவார். கப்பலில் வரும் விதையும் ஒட்டுக்கன்றும் பதியனும் அவருக்குப் பங்காகக் கிடைக்கும். ஆண்டுதோறும் காட்சி நடத்தி, சிறந்த காய்கனிக்கும் மலருக்கும் பரிசளிப்பர். தோட்டத்தில் எது பிழைக்கிறது, எது மாய்கிறது என்பதைக் குறித்துவைத்துக் கூட்டத்தில் வாசிப்பர். தோட்டத்தின் அன்றாட வேலையைச் செய்தவர்கள் கூலி பெற்ற உள்ளூர்த் தோட்டக்காரர்களே. அவர்களுடைய பெயர்கள் சங்க ஏடுகளில் அரிதாகவே இடம்பெறுகின்றன. செயலாளர் பதவி மட்டும் பெரும்பாலும் ஊதியமற்றது. இன்று 'தன்னார்வத் தொண்டர்' என்று நாம் சொல்லும் சொல் அன்று இல்லை, ஆள் இருந்தார்.

பெங்களூர்ச் சங்கம் ஆறே ஆண்டுகளில், 1842 இல், கலைந்தது. தோட்டம் மீண்டும் அரசின் கைக்கு வந்தது. ஏன் கலைந்தது? நமது கருத்து இதுதான்: உறுப்பினர்கள் ஊரோடு வேர் பிடிக்கவில்லை. படை அதிகாரியும் ஆட்சி அதிகாரியும் இன்று இங்கிருப்பர், நாளை மாற்றலாகிப் போவர். மன்ரோவே இதற்குச் சான்று. 1837 இல் பெங்களூர்த் தோட்டத்துச் செடிகளின் பட்டியலை வெளியிட்ட அவர், 1844 இல் ஆக்ராவின் தாவரங்களுக்குப் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தார். பிற்காலத்தில் புல்லினங்களைப் பற்றி உலகறிந்த வல்லுநராகவும் படைத்தளபதியாகவும் உயர்ந்தார். ஆள் உயர்ந்தார், சங்கம் மடிந்தது. ஆயினும் அந்த ஆறு ஆண்டுகள் வீணாயின என்று நாம் சொல்ல மாட்டோம். லால்பாக்கில் என்னென்ன இருந்தன என்பதற்கு அச்சில் ஓர் ஏடு கிடைத்ததே அவர்களால்தான். சென்னையிலும் இதுவே நிகழ்ந்தது. அந்தச் சங்கத்தோட்டத்தின் தாவரப் பட்டியலை ஹியூ கிளெக்ஹார்ன் 1853 இல் வெளியிட்டார். நாம் தொடக்கத்தில் 'கணக்கு' என்றோமே, அது பெரும்பாலும் சந்தா கட்டிய இத்தகையோர் விட்டுச்சென்றதுதான்.

உதகமண்டலத்தின் கதை வேறு வகையானது, சற்றுச் சுவையானதும்கூட. 1845 வாக்கில் அங்கு வாழ்ந்த ஐரோப்பியர்கள் மாதம் மூன்று ரூபாய் சந்தா வைத்து ஒரு தோட்டம் போட்டனர். நோக்கம் தாவரவியல் அன்று. மலிவாகச் சமையலுக்கு ஐரோப்பியக் காய்கறி கிடைக்க வேண்டும் என்பதே. அம்முயற்சி நிலைக்கவில்லை. 1847 இல் ஆளுநர் ட்வீடேல் பிரபுவின் ஊக்கத்தால் தோட்டக்கலைச் சங்கமும் பொதுப்பூங்காவும் அமைப்பதற்கென மீண்டும் சந்தா திரட்டப்பட்டது. கியூ தோட்டத்தில் பயின்ற வில்லியம் கிரஹாம் மக்கைவர் 1848 இல் பொறுப்பேற்று, சரிவும் சேறுமாய் இருந்த நிலத்தை இன்று நாம் காணும் அடுக்கடுக்கான பூங்காவாகத் திருத்தினார். அவருக்கோ மரங்களின் மேல் கண். சந்தா கட்டிய பலருக்கோ முட்டைக்கோஸின் மேல் கண். இரண்டும் நெடுநாள் ஒத்துப்போக முடியுமா? நாளடைவில் பூங்கா முழுவதும் அரசின் பொறுப்புக்குச் சென்றது. இன்று அதனைத் தமிழக அரசின் தோட்டக்கலைத் துறை நடத்துகிறது.

இவ்விடத்தில் ஃபிக்ஹ் நூல்களை ஓதியோர்க்கு ஒரு செய்தி நினைவுக்கு வராமல் இராது. கைபரில் தமக்குக் கிடைத்த நிலத்தை என்ன செய்வது என்று உமர் (ரலி) அவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் ஆலோசனை கேட்டார்கள். நிலத்தை நிலைநிறுத்தி, அதன் விளைச்சலை அறத்துக்கு விடுமாறு வழிகாட்டப்பெற்றது. அதன்படி அந்நிலம் விற்கப்படாது, அன்பளிப்பாகாது, வாரிசுரிமைக்கும் உட்படாது என்றாயிற்று. ஏழைகள், உறவினர், வழிப்போக்கர், விருந்தினர் முதலியோர் அதன் பயனுக்கு உரியவராயினர். அதனை நிர்வகிப்பவர், பொருள் சேர்த்துக்கொள்ளாமல், முறையோடு அதிலிருந்து உண்ணலாம் என்ற அனுமதியும் கூடவே தரப்பட்டது. வக்ஃபுச் சட்டத்தின் பெரும்பகுதி இந்நிகழ்ச்சியின் மீதே கட்டப்பட்டுள்ளது.

இங்கே இருவர் தெளிவாகப் பிரிக்கப்படுவதை நோக்குக. ஒருவர் பயன் பெறுபவர். மற்றவர் முத்தவல்லி, அதாவது பொறுப்பாளர். முத்தவல்லி உண்ணக்கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. மனித இயல்பை அறிந்த சட்டம் அது. உண்பதற்காகவே முத்தவல்லியாகி, விளைச்சல் குறைந்ததும் விலகிக்கொள்பவரால் வக்ஃபு நிலைக்காது என்பதே அதன் உட்கிடை. உதகையின் சந்தாதாரர் பயன் பெறுபவராக இருந்தார், முத்தவல்லியாக உயரவில்லை. பெங்களூரின் மன்ரோ முத்தவல்லியாக இருந்தார்; அவருக்குப் பின் அப்பொறுப்பை ஏற்க ஆளில்லை. ஒரு பொதுப்பூங்காவின் உறுப்பினராகச் சேர்வோர் தம்மை இவ்விருவரில் யாராகக் கருதுகின்றனர் என்பதைப் பொறுத்தே அச்சங்கத்தின் ஆயுள் அமைகிறது என்று நாம் கருதுகிறோம். லால்பாக் சட்டப்படி வக்ஃபு அன்று. அரசரின் தோட்டமாகப் பிறந்து அரசாங்கத்தின் தோட்டமாக இருப்பது. உவமைக்காகவே இதனைச் சொன்னோம். உவமை எல்லாவற்றுக்கும் பொருந்த வேண்டும் என்பதில்லை.

1856 இல் லால்பாக் அரசுத் தாவரவியல் பூங்காவாயிற்று. சென்னைச் சங்கத்தின் பட்டியலை வெளியிட்ட அதே கிளெக்ஹார்ன் இம்மாற்றத்துக்கு ஆலோசகர். கியூவிலிருந்து வில்லியம் நியூவும், அவருக்குப் பின் 1874 முதல் 1908 வரை ஜான் கேமரனும் பொறுப்பாளராயிருந்தனர். கேமரன் காலத்தில் தோட்டம் இரு மடங்குக்கு மேல் பரந்தது. தமிழகத்தில் பெங்களூர்க் கத்தரிக்காய் என்று பெயர் பெற்றுவிட்ட சௌசௌவை இப்பகுதிக்குக் கொண்டுவந்தவர் அவரே என்பர். 1889 நவம்பர் 30 அன்று இளவரசர் ஆல்பர்ட் விக்டர் அடிக்கல் நாட்டிய கண்ணாடி மாளிகை, மலர்க்காட்சி நடத்துவதற்கென்றே எழுப்பப்பட்டது. காட்சிக்குக் கூட்டம் வரும் என்ற நம்பிக்கை இருந்ததால்தான் அவ்வளவு பெரிய மாளிகை. அரசு தோட்டத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டாலும், சங்கங்கள் கற்றுக்கொடுத்த காட்சிப் பழக்கத்தை விட்டுவிடவில்லை என்பதற்கு அம்மாளிகை சாட்சி.

அடுத்து வந்தவர் ஜெர்மானியரான கிரும்பீகல். பரோடாவில் பணியாற்றி 1908 இல் மைசூர் அரசுக்கு வந்தவர். 1912 இல் மைசூர்த் தோட்டக்கலைச் சங்கம் தோன்றியது. பழைய சங்கத்துக்கும் இதற்கும் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. 1836 ஆம் ஆண்டுச் சங்கம் தோட்டத்தையே கையில் வாங்கிக்கொண்டது. 1912 ஆம் ஆண்டுச் சங்கம் நிலத்தைக் கேட்கவில்லை. அரசின் துறையோடு தோள் சேர்ந்து நின்றது. துறையின் பொறுப்பாளரே சங்கத்துக்கும் துணை. உறுப்பினர்கள் இம்முறை மாற்றலாகிப் போகும் படைவீரர்களாக இல்லாமல், ஊரில் வீடும் கொல்லையும் உடையவர்களாக இருந்தனர். குடியரசு நாளையும் விடுதலை நாளையும் ஒட்டி ஆண்டுக்கு இருமுறை நடக்கும் லால்பாக் மலர்க்காட்சியைத் துறையும் இச்சங்கமும் இணைந்தே நடத்தி வருகின்றன. முன்னது ஆறாண்டு, பின்னது நூறாண்டைக் கடந்தது. காரணம் இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது என்று நாம் துணிந்து சொல்வோம்.

உறுப்பினர் தோட்டத்தையே கையில் வைத்திருந்து நூற்றாண்டு கண்ட இடங்களும் இல்லாமல் இல்லை. கேரி தொடங்கிய கல்கத்தாச் சங்கம் அலிப்பூரில் தன் தோட்டத்தோடு இரு நூறாண்டைக் கடந்து நிற்கிறது. சென்னைச் சங்கத்துக்கோ அவ்வாறு வாய்க்கவில்லை. கதீட்ரல் சாலையின் இருபுறமும் விரிந்திருந்த அதன் தோட்டத்தில், 1962 இல் ஒரு பகுதி உணவகத்துக்குக் குத்தகையாகச் சென்றது. காரில் அமர்ந்தபடியே சிற்றுண்டி அருந்தும் இடமாக அது சென்னை மக்களின் நினைவில் நிலைத்தது. தாவரவியல் தோட்டம் என்ற நினைவு அவ்வளவு நிலைக்கவில்லை. நில உரிமை பற்றி நீண்ட வழக்குகள் நடந்தன. உணவகம் இருந்த இடத்தில் 2010 நவம்பரில் தமிழக அரசு செம்மொழிப் பூங்காவைத் திறந்தது. சாலையின் மறுபுறத்தில் 2024 அக்டோபரில் கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா திறக்கப்பட்டது. நிலம் பசுமையாகவே இருப்பது மகிழ்ச்சி. வழக்கின் நியாயங்களுக்குள் நாம் நுழையப் போவதில்லை. ஆனால் ஒரு நகரத்தார் தம்முடையது என்று எண்ணாத தோட்டத்துக்காக யாரும் வீதிக்கு வருவதில்லை என்பதை மட்டும் வரலாற்று மாணவர் குறித்துக்கொள்ள வேண்டும்.

லால்பாக்குக்காக வந்தனர். 2009 ஆம் ஆண்டில் மெட்ரோ இரயில் பணிக்காக அதன் ஓரத்தில் மதிலை இடித்து மரங்களை வெட்டியபோது பெங்களூர் மக்கள் திரண்டு எதிர்த்தனர். லால்பாக்கையும் கப்பன் பூங்காவையும் காப்பதற்கென 1975 ஆம் ஆண்டிலேயே கர்நாடக அரசு ஒரு சட்டம் இயற்றியிருந்தது. சட்டம் இருந்தும் நிலம் போயிற்று. 2025 ஆம் ஆண்டில் சுரங்கச் சாலைத் திட்டத்துக்காக மீண்டும் லால்பாக்கின் நிலம் பேசப்பட்டபோது மீண்டும் அவர்களே வந்தனர். வந்தவர்களில் பலர் நாள்தோறும் காலையில் அங்கு நடப்பவர்கள். மரங்களைப் பெயர் சொல்லி அறிந்தவர்கள். ஞாயிறுகளில் பிறருக்கு மரங்களைக் காட்டி விளக்கம் சொல்பவர்கள். முந்நூறு கோடி ஆண்டுகள் பழமையுடையதாகப் புவியியலார் மதிக்கும் பாறைக்குன்று ஒன்று அத்தோட்டத்தினுள் இருப்பதையும் அவர்களே ஊருக்கு எடுத்துச் சொன்னார்கள். இருநூற்று நாற்பது ஏக்கர் தோட்டத்தில் சில ஏக்கர் போனால் என்ன என்று கேட்போர்க்கு, எந்த மரம் எங்கே நிற்கிறது என்று தெரிந்தவரால் மட்டுமே விடை சொல்ல முடியும்.

தொண்டரின் பணி என்றவுடன் மண்வெட்டியும் பூவாளியுமே நம் கண்முன் நிற்கின்றன. அவையும் வேண்டும். ஆயினும் உலகின் பெரிய தாவரவியல் பூங்காக்களில் தொண்டர்கள் செய்வன பலவகை. உலர்த்திய செடியைத் தாளில் ஒட்டி, எடுத்த இடமும் நாளும் எழுதி அடுக்குவர். விதையைத் தூற்றிச் சுத்தம் செய்வர். எந்த மரம் எந்த வாரத்தில் பூத்தது, காய்த்தது, இலை உதிர்த்தது என்று ஆண்டுக்கணக்கில் குறித்து வருவர். பள்ளிப் பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டுவர். மங்கிய பெயர்ப்பலகையைத் திரும்ப எழுதுவர். முதுகு வளைய வேண்டாத இப்பணிகள் ஓய்வு பெற்றவர்க்கும் பெண்களுக்கும் மாணவர்க்கும் ஏற்றவை. உறுப்பினர் சந்தா இதற்கெல்லாம் ஆதாரம்: தாளும் பெட்டியும் பலகையும் வாங்கப் பணம் வேண்டுமே.

நம் சமுதாயத்தை நோக்கியும் ஒரு சொல் சொல்லியாக வேண்டும். லால்பாக்கைப் பற்றி மேடையில் பேசும்போது ஹைதர் அலீயின் பெயரைச் சொல்லிப் பெருமை கொள்ளாதவர் நம்மில் இல்லை. அத்தோட்டத்துக்காகச் சந்தா கட்டுவோர், ஒரு ஞாயிறு காலையை அங்கே கொடுப்போர் நம்மில் எத்தனை பேர்? நட்ட மரத்தின் பயன் பிறருக்குச் சேரும்வரை நட்டவர்க்கும் நன்மை உண்டு என்று குத்பாவில் கேட்கிறோம். ஸதகத்துல் ஜாரியா என்றால் பள்ளிவாசலுக்குத் தூணும் மதரஸாவுக்கு அறையும் என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறோம். கிணறும் மரமும் அப்பட்டியலில் பழைய காலம் முதலே இருந்தவை. பாட்டனார் நட்டதைப் பேரன் சொல்லிக்காட்டுவதற்கு வரம்பு உண்டு. நீர் ஊற்றியவர் யார் என்று ஒருநாள் கேட்பார்கள்.

மதரஸா மாணவர்க்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். அவர்களால் மட்டுமே செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. தாவரவியலாரின் இலத்தீன் பெயர்ப்பலகைகளில் அரபுச் சொற்கள் மறைந்து கிடக்கின்றன. புளியமரத்தின் பலகையில் 'டாமரிண்டஸ்' என்றிருக்கும்; அது 'தம்ர் ஹிந்தீ', இந்தியப் பேரீச்சை. காப்பிச் செடியின் 'காஃபியா'வில் 'கஹ்வா' ஒலிக்கிறது. வெண்டையின் 'அபெல்மாஸ்கஸ்' என்ற பெயரைக் கஸ்தூரியின் தந்தை என்று பொருள்படும் 'அபுல் மிஸ்க்' என்பதிலிருந்து வந்ததாகச் சிலரும், கஸ்தூரி விதையாகிய 'ஹப்புல் மிஸ்க்' என்பதிலிருந்து வந்ததாகச் சிலரும் கூறுவர். அகத்தியின் 'செஸ்பேனியா' அரபியரின் 'ஸைஸபான்'. நிலாவரையின் 'சென்னா' அவர்களுடைய 'ஸனா'. திருநெல்வேலிச் சீமையில் விளைந்து தூத்துக்குடி வழியே கப்பலேறிய சரக்கு அது. மாலகாவில் பிறந்து 1248 இல் திமிஷ்கில் மறைந்த இப்னுல் பைத்தார், ஏறத்தாழ ஆயிரத்து நானூறு மருந்துப் பொருள்களை அகரவரிசையில் தொகுத்தபோது, ஒரே செடிக்கு வெவ்வேறு நாட்டார் இட்ட பெயர்களையும் தேடித் தந்தார். பலகை எழுதும் பணி அவர் செய்த பணியின் தொடர்ச்சியேயாகும்.

நம் கல்லூரி மாணவர் சிலரை ஒருமுறை லால்பாக்குக்கு அழைத்துச் சென்றோம். திப்பு காலத்தது என்று வழிவழியாகச் சொல்லப்படும் மாமரத்தைத்தான் முதலில் பார்க்க விரும்பினர். பார்த்தனர். அதன் பின்னர் பலகைகளுக்குத் திரும்பியவர்கள், ஒவ்வொன்றாக அரபு வேரைத் தேடத் தொடங்கி, மதியத் தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று நாம் நினைவூட்டும்வரை நிறுத்தவில்லை. திரும்பி வந்ததும் நம் கல்லூரி வளாகத்து மரங்களுக்கே முதலில் பலகை எழுதுவது என்று தீர்மானித்தனர். முப்பத்தோரு மரங்கள் எண்ணப்பட்டுள்ளன. நான்கின் பெயர் இன்னும் தெளிவாகவில்லை. புளிக்கும் அகத்திக்கும் பலகை ஆயத்தமாகிவிட்டது. தமிழ்ப் பெயர் மேலே வருவதா, அரபுப் பெயர் மேலே வருவதா என்பதில் வாதம் நடந்துகொண்டிருக்கிறது.